ஆறாம் துக்கத்தின் தாள்

மாசி 13, சனி.

காலையிலேயே வெயில். தூபக்கலசத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு முழுக்கப் போகவில்லை. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருக்கிறது. கம்பி வேண்டும்.

இந்த நோட்டு பள்ளிக்கூடத்தில் மிஞ்சியது. பின்பக்கம் யாரோ எழுதிய வாய்ப்பாடு. முன்பக்கம் இனி என் பாவம்.

சாமியார் எழுதச் சொன்னார். காரணத்தையும் எழுதிவிடுகிறேன். நேற்று சிலுவைப்பாதை முடிந்ததும் பீடத்தடியில் நின்றுகொண்டு சொன்னார்: "இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை துக்க வாசகத்தை அந்தோணி வாசிப்பார்." அவ்வளவுதான். விளக்கை அணைக்கச் சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்தொன்பது வருஷமாக நான் வாசித்தது. தேவமாதாவின் ஏழு துக்கம், ஏழு பகுதி, என் அப்பா கைப்பட எழுதிய புத்தகம். நான் பார்க்கும் கோயில்பிள்ளை வேலையில் மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கல்யாண ஓலை படிப்பது எல்லாம் எவன் வேண்டுமானாலும் செய்யலாம். வாசகம் மட்டும் நான். வருஷத்தில் ஒரு நாள் ஊரே என் வாயைப் பார்த்து அழும். போன வருஷம் நாலாம் துக்கத்தில் இருமினது வாஸ்தவம். இரண்டு தடவை. அதற்காகவா?

அந்தோணி ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் இருக்கும். அதற்கு முன் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருந்தவன். நல்ல குரல். இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

இன்று காலை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். அந்தோணி மேல் உள்ள பொறாமை எல்லாம் சொன்னேன். சாமியார் சீமைக்காரர். தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். "தலையான பாவம் ஏழில் இது எது?" என்றார். "காய்மகாரம், சாமி." "அதற்கு எதிரான புண்ணியம்?" "பிறர்சிநேகம்." பிள்ளைகளுக்கு ஞானோபதேசத்தில் நானே சொல்லிக்கொடுப்பது, எனக்கே பரீட்சை. "சிநேகம் மனதில் வந்ததா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிராதேயும். கையால் செய்யும். பாஸ்குத் திருநாள் வரை தினம் ஒரு உபகாரம், அந்த மனிதனுக்கு. பொழுது சாய எழுதி வையும். செய்யும்போது உள்ளே என்ன இருந்தது என்றும் எழுதும்." இதுதான் அபராதம்.

என் மனைவி தெரசு எழுத்துக்கூட்டி வாசிப்பாள். ஆகையால்: அ. என்றால் அந்தோணி. கா. என்றால் காய்மகாரம். பி. என்றால் பிறர்சிநேகம்.

இன்றைய பி.: அ. வீட்டுக்குப் போகிற தடத்தில் கிடந்த வேலமுள்ளை எடுத்து எறிந்தேன். உள்ளே: குத்தினால்தான் என்ன என்று. எடுத்து எறிந்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. முன்னால் வந்திருந்தால் கா. பின்னால் வந்ததை எதில் சேர்ப்பது? தெரியவில்லை.

மாசி 17, புதன்.

நாலு நாள் சேர்த்து.

ஞாயிறு: பூசை இல்லை, சாமியார் வேறு ஊரில். செபம் நான் சொன்னேன். அ.வை முன்னுக்கு வரச்சொல்லி இடம் விட்டேன். உள்ளே: புழுக்கம். வெயிலாலும் இருக்கலாம்.

திங்கள்: மோர் ஒரு செம்பு, தெரசு கையில் கொடுத்தனுப்பினேன். அவள் திரும்பி வரும்போது செம்பு நிறையக் காப்பித்தூள். மலையிலிருந்து வந்ததாம். வாசனை வீடு முழுக்க. தபசு காலத்தில் காப்பி வேண்டாம் என்றிருந்தேன். இப்போது உபகாரம் செய்ததில் போசனப்பிரியமும் சேர்ந்துகொண்டது.

செவ்வாய்: அவன் ஆட்டுக்குச் சோளத்தட்டு ஒரு கட்டு. அவன் பதிலுக்கு என் எருமைக்கட்டுத்தறியில் ஆடிக்கொண்டிருந்த முளையைத் தானாகவே வந்து அடித்துவிட்டுப் போனான். இந்த மனிதனுக்கு ஒன்று செய்து நிம்மதியாக இருக்க முடியாது போலிருக்கிறது.

இன்று: மறந்தே போனேன். பொழுது இறங்கும்போது ஞாபகம் வந்து ஓடினேன். செய்ய ஒன்றும் அகப்படவில்லை. அவன் வாசலில் ஒரு குடம் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தேன். அவன் சம்சாரம் உத்திரியம்மாள் எட்டிப் பார்த்து, "காயப் போட்டிருக்கேனுங்க" என்றாள். மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். அந்த அம்மாள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பெண்பிள்ளை ஒன்று மலையில் இருந்தபோது தவறிவிட்டதாகக் கேள்வி.

கிணற்றடியில் காதில் விழுந்தது: "கோயில்புள்ள வாய சாமியாரு அடச்சுட்டாராமா." "ஆமாங்க்கா, வயசாச்சுல்ல." எனக்கு நாற்பத்தாறு.

தெரசு: "ஏனுங்க, அந்த ஊட்டுக்கு இத்தன நடை நடக்கறீங்களே, அவங்க ஏதாச்சும் கடனுக்கு உங்களப் புடிச்சு வெச்சிருக்காங்களா?"

மாசி 20, சனி.

காற்று இல்லை. புளியமரத்தில் உலுக்குகிறார்கள், காலையிலிருந்து அந்தச் சத்தம்.

பூசைச் சாமான் அறையில் பீடத்துணி மடித்துக்கொண்டிருந்தேன். அ. வந்தான். கதவைச் சாத்தினான். கையில் அப்பாவின் புத்தகம், துண்டில் சுற்றி.

"ஏனுங்கண்ணா, ஒண்ணு சொல்லோணுமுங்க. யாருகிட்டயும் சொல்லீறாதீங்க."

"சொல்லுங்க."

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க."

நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். பாட்டெல்லாம் தோட்டத்துக் கோவிலில் கேட்டுக் கேட்டுப் பிடித்ததாம். பாடுகிறவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று சாமியார் நினைத்துக்கொண்டு புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

"பெரியவங்க நீட்டறப்ப கைய இழுத்துக்க முடியலீங்க. இப்ப ஊரே பேசுது. தெரியாதுன்னு சொன்னா என்றன் சம்சாரத்துக்குத் தலை குனிவுங்க. நீங்க சத்தமா வாசிச்சீங்கன்னா நான் கேட்டுப் புடிச்சுக்குவேனுங்க. ஏழும். எனக்குக் கேட்டாப் போதுமுங்க." கொஞ்சம் நின்று, "ஒரு வாரமா நீங்கதான் எங்க மேல இத்தன பிரியமா இருக்கறீங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்" என்றான்.

முள் எடுத்து எறிந்ததும் மோரும் சோளத்தட்டும் அவனுக்குப் பிரியமாகத் தெரிந்திருக்கிறது. நான் அபராதம் கட்டிக்கொண்டிருந்தேன்.

சாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாசகம் என்னிடம் திரும்பிவிடும். அது உண்மையும்கூட. உண்மையைச் சொல்வது பாவமா? உண்மையை எதற்காகச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியுமே. ஆனால் வாசிக்கத் தெரியாதவனை வாசகன் என்று ஊர் முன்னால் நிறுத்துவது சாமியாரை ஏமாற்றுவது ஆகாதா? தலை சுற்றுகிறது.

"திங்கள்கிழமையிலிருந்து மத்தியானம் கஞ்சி குடிச்சுட்டு வாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. உள்ளே என்ன இருந்தது என்று எழுத வேண்டும். ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. வாய்தான் சொல்லியது.

மாசி 24, புதன்.

முதல் துக்கம் முடிந்து இரண்டாவது பாதி. அ. எதிரே சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறான். நான் இரண்டு வரி வாசித்தால் இரண்டு வரி. நாலு வரி வாசித்தால் நாலு வரி. ஒரு சொல் பிசகவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்து, எந்த இடத்தில் தாள் புரட்ட வேண்டும் என்பதையும் பழகிக்கொள்கிறான்.

நான் "எகிப்து தேசத்துக்கு" என்ற இடத்தில் இருமினேன். அவன் திருப்பிச் சொல்லும்போது "எகிப்து தேசத்துக்கு" என்று சொல்லி, அதே மாதிரி இருமினான். நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, கவனமாக.

"அது வேண்டாமுங்க" என்றேன்.

"வாசகத்துல இல்லீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். உபகாரம் செய்கிற நேரத்தில் சிரித்தது இதுதான் முதல் தடவை. இதற்கு எழுத்து எது? கா.வும் இல்லை, பி.யும் இல்லை.

மாசி 29, திங்கள்.

மூன்றாம் துக்கம், பிள்ளை காணாமல் போவது. தெரசு சுவருக்கு அந்தப்பக்கம் வறட்டி தட்டியபடி கேட்டிருக்கிறாள்.

"அப்படியே நீங்க வாசிக்கற மாதிரியே இருக்குதுங்க. ஆனா நல்லா இருக்குது."

அந்த "ஆனா"வை ராச்சோற்றோடு மென்றேன். அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். வாயைத் திறக்க மாட்டாள், அதில் சந்தேகமில்லை. என்னிடம் திறப்பதுதான் தொல்லை.

புதிதாக ஒன்று கவனித்தேன். அவன் நன்றாகச் சொன்னால் எனக்கு இப்போது வலிக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு பெருமை. இது என் இழுப்பு, என் நிறுத்தம், என் அப்பாவின் எழுத்து. ஊர் அழுதால் அது எனக்காக அழுவது. கா. போய் அந்த இடத்தில் ஆங்காரம் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது. ஏழில் ஒன்றைத் துரத்தினால் மற்ற ஆறும் வாசலில் நிற்கின்றன.

கம்பி இன்னும் வாங்கவில்லை.

பங்குனி 4, சனி.

சாமியார் நேற்று வந்தார். "எப்படிப் போகிறது?" என்றார். என் உபகாரத்தைக் கேட்டாரா, அ.வின் வாசகத்தைக் கேட்டாரா தெரியவில்லை. "நடக்கிறது சாமி" என்றேன். இரண்டுக்கும் பொருந்தும். இப்படிப் பதில் சொல்ல எப்போது கற்றுக்கொண்டேன்?

எடப்பாடிச் சந்தையில் கம்பி கிடைத்தது. சங்கிலி சரியாகிவிட்டது. வேம்பு பூத்திருக்கிறது, கோவில் வாசல் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. காலையில் பெருக்கினால் மத்தியானம் மறுபடி.

மேட்டூர் அணை வேலைக்குப் போனவர்களில் பாதிப்பேர் பெரிய வெள்ளிக்கு வந்துவிடுவார்களாம். கூட்டம் இருக்கும்.

பங்குனி 7, செவ்வாய்.

எருமை கன்று போடும் போலிருக்கிறது. காலையிலிருந்து படுக்கிறது, எழுகிறது. தெரசு வந்து வந்து கூப்பிடுகிறாள். இதற்கு நடுவில் அ.வோடு ஆறாம் துக்கம், ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதா மடியில் கிடத்துவது. சீக்கிரம் முடிந்துவிட்டது.

அ. "இவ்வளவுதானுங்களா?" என்றான்.

"இவ்வளவுதான்" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு "சரிங்கண்ணா" என்று எழுந்து, எருமையைப் பார்க்க என்னோடு வந்துவிட்டான். கிடாரிக் கன்று. அவன்தான் இழுத்தான். நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.

இன்றைய பி.: அவன் செய்தான். நான் செய்யவில்லை.

பங்குனி 10, வெள்ளி.

இதை எழுதாமல் விட்டுவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஏழும் முடிந்தது. அ. நேற்று புத்தகத்தை என்னிடம் வைத்துவிட்டுப் போனான், அட்டை தைக்க. இன்று தைத்தபடி புரட்டினேன். ஆறாம் துக்கத்தில் ஒரு தாள் தடிமனாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு தாள். போன வருஷம் மெழுகு சொட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இரண்டு பக்கம். மாதா மகனை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற இடம். எல்லாத் துக்கத்துக்கும் அதுதான் துக்கம். அங்கேதான் பெண்கள் பக்கம் வெடித்து அழும். அதை நான் அவனுக்கு வாசிக்கவே இல்லை.

ஒட்டியிருந்தது தெரியாது. புரட்டினேன், அடுத்த பக்கம் வந்தது, வாசித்தேன். எருமை நினைப்பு. இதுதான் நடந்தது.

இது மட்டும்தானா? பத்தொன்பது வருஷம் வாசித்தவன். எனக்கு மனப்பாடம். மடியில் கிடத்தியதும் மாதா பேசாமல் நேரே கல்லறைக்குப் போகிறார்களே என்று எனக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? ஏழாம் தேதி பக்கத்தைப் பார்த்தேன். "சீக்கிரம் முடிந்துவிட்டது" என்று என் கையே எழுதியிருக்கிறது. அவன் "இவ்வளவுதானுங்களா" என்று கேட்டிருக்கிறான். நான் "இவ்வளவுதான்" என்று சொல்லியிருக்கிறேன்.

தெரிந்து செய்தேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அந்த நேரத்துக்குள் போய்ப் பார்க்க முடியவில்லை. என் மனசு எனக்கே கதவைச் சாத்திக்கொண்டது.

நாளை சொல்லிவிட வேண்டும்.

பங்குனி 11, சனி.

சொல்லவில்லை. அ. சந்தைக்குப் போயிருந்தான்.

பங்குனி 12, குருத்தோலை ஞாயிறு.

ஓலை பின்னியது: எண்பது. போதவில்லை. பூசைக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அவனைச் சுற்றி ஆட்கள். மேட்டூரிலிருந்து வந்தவன் ஒருவன், "அந்தோணியண்ணா, நீங்க வாசிக்கறதக் கேக்கத்தானுங்க லீவு போட்டு வந்தேன்" என்றான். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. போய்விட்டது என்று நினைத்த கா. எங்கும் போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சொல்லவில்லை.

பங்குனி 13, திங்கள்.

இப்போது சொன்னால் அவன் குழம்பிப்போவான். இரண்டு பக்கம் புதிதாகச் சேர்த்தால் மற்றதும் கலைந்துவிடும். சொல்லாமலிருப்பதே அவனுக்கு நல்லது.

மேலே உள்ளதைத் திரும்ப வாசித்தேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன். வக்கீலாகப் போயிருக்கலாம்.

ஊர் கண்டுபிடிக்கும். மாதா பேசும் இடம் வரவில்லை என்றால் பெண்கள் விடுவார்களா? புத்தகத்தை வாங்கிப் பார்ப்பார்கள், தாளைப் பிரித்துக் காட்டி வாசி என்பார்கள். அவனுக்கு எழுத்துத் தெரியாதது அங்கேயே வெளிப்பட்டுவிடும். எல்லாம் தெரிகிறது. கால் மட்டும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

பங்குனி 15, புதன்.

இந்த ஊர் வழக்கம்: துக்க வாசகம் வாசிக்கிறவர் பெரிய வியாழனுக்குள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். யார் மனதிலாவது வருத்தம் வைத்துக்கொண்டு மாதாவின் வாயால் பேசக்கூடாது என்று. பத்தொன்பது வருஷம் நானும் போயிருக்கிறேன், ஐம்பது வீட்டிலும் ஒரே வார்த்தை, கடைசி பத்து வீட்டில் என்ன சொல்கிறேன் என்றே தெரியாமல்.

இன்று அ. வந்தான். குளித்து, வெள்ளை வேட்டி. உத்திரியம்மாளும் கூட வந்து வாசலில் நின்றாள். எங்கள் வீடுதான் கடைசி. வேண்டுமென்றே கடைசியாக வைத்திருந்தானாம்.

"அண்ணா, என் மேல உங்களுக்குக் கொறை ஏதாச்சும் இருந்தா மன்னிக்கோணுமுங்க. உங்க எடத்துல நான் நிக்கறேன். அது எனக்குத் தெரியாம இல்லீங்க."

கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். இதைவிட நல்ல சமயம் எனக்குச் சர்வேசுரன் தரமுடியாது. வாயைத் திறந்தேன்.

"ஒரு கொறையும் இல்லீங்க. போயிட்டு வாங்க" என்றேன்.

அவன் போனபின் தெரசு என் முகத்தைப் பார்த்தாள். "என்னமோ முழுங்கிட்டீங்க" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதது அவள் குற்றம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இப்படிப்பட்ட மனசு எனக்கு.

பங்குனி 16, பெரிய வியாழன்.

மணியைக் கட்டியாகிவிட்டது. இனிச் சனிக்கிழமை வரை மரக்கட்டை தட்டுவதுதான்.

புத்தகம் அ. வீட்டில். சொல்லவில்லை.

பங்குனி 17, பெரிய வெள்ளி.

நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தொடங்கியது. கோவிலுக்குள் இடமில்லை, வேப்பமரத்தடி வரை ஆட்கள். சாமியார் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில். நான் தூணோரம், கட்டையோடு. அ. புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நின்றான். முதல் துக்கத்திலேயே ஊர் அடங்கிவிட்டது. என்ன குரல். எழுதித்தான் ஆக வேண்டும்: நான் ஒருநாளும் அப்படி வாசித்ததில்லை. விசிறிகள் நின்றுவிட்டன. நாலாம் துக்கத்தில் கிழவர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாளைச் சரியான இடத்தில் புரட்டினான்.

ஆறாம் துக்கம். இறக்கினார்கள். துணியில் சுற்றினார்கள். மாதா கையை நீட்டினாள். மடியில் கிடத்தினார்கள்.

அ. நிறுத்தினான்.

அடுத்த வரி அவனுக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்த வரி, கல்லறைக்குப் போவது. அவன் சொல்லவில்லை. ஊர் காத்திருந்தது. எங்கோ ஒரு கைப்பிள்ளை சிணுங்கியது. மறந்துவிட்டான், நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவன் தலையைத் தூக்கி, தூணோரம் நின்ற என்னைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் புத்தகத்தை என் பக்கம் நீட்டினான்.

எப்படிப் போனேன் என்று தெரியாது. கட்டையைக் கீழே வைத்தேனா, யாரிடமாவது கொடுத்தேனா? புத்தகம் என் கைக்கு வந்தது. ஒட்டிய தாளை நகத்தால் பிரித்தேன். மெழுகு பொடியாக உதிர்ந்தது. அந்தச் சின்னச் சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது போலிருந்தது. வாசித்தேன்.

அவன் குரலுக்குப் பிறகு என் குரல் ஓட்டைத் தகரம். இருந்தும் பெண்கள் பக்கம் வெடித்தது. உத்திரியம்மாள் மட்டும் அழவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, புருஷனுக்கு நான் செய்த துரோகம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் முடித்தேன். புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். ஏழாம் துக்கத்தை அவன் வாசித்து முடித்தான்.

பிறகு வெளியே சாமியார் இரண்டு பேர் தோளிலும் கை வைத்தார். "கதையை ஒருவர் சொல்ல, மாதாவின் வார்த்தையை இன்னொருவர் சொல்ல! இது யாருடைய யோசனை?"

"அண்ணனுதுங்க, சாமி" என்றான் அ.

"நல்லது, சவரிமுத்து" என்று என்னைப் பார்த்தார். "மிகவும் நல்லது. அடுத்த வருஷமும் இப்படியே இருக்கட்டும்."

ஊரே என்னைப் புகழ்ந்தது. விட்டுக்கொடுத்த மனுஷன் என்று ஒருவர் சொன்னார். பாவம் செய்தேன், மாலை போடுகிறார்கள். அ. ஏன் நிறுத்தினான்? ஏன் அப்படிச் சொன்னான்? என்னைக் காப்பாற்றினானா? அப்படியென்றால் அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் புதன்கிழமை என் வாசலில் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டானா?

ஒன்றும் விளங்கவில்லை.

பங்குனி 18, சனி.

காலைப் பூசையில் மணி திரும்பிவிட்டது. நான்தான் அடித்தேன். காதில் விழவில்லை.

பூசை முடிந்து நேரே அ. வீட்டுக்குப் போனேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தான். உத்திரியம்மாள் உள்ளே அடுப்பில் ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னான். நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்தத் தாள நான் உங்களுக்கு வாசிக்கலீங்க. ஒட்டியிருந்துச்சு. தெரிஞ்சு விட்டனா, தெரியாம விட்டனா, எனக்கே வெளங்கல. ஆனா போன வாரம் வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். ஒரு வாரம் வெச்சுக்கிட்டு உங்ககிட்டச் சொல்லல. அது தெரிஞ்சேதான். நீங்க அவமானப்படுவீங்கன்னு தெரிஞ்சேதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது, இதில் பாதியில்தான் எனக்குச் சந்தேகம், மீதிப் பாதியில் சந்தேகமே இல்லை என்று.

அ. கயிற்றைக் கீழே வைத்தான். "நாங்க வேற மாதிரி நெனச்சுட்டோமுங்க" என்றான்.

"என்னன்னு?"

"அந்த எடத்த உங்களுக்குன்னு வெச்சுக்கிட்டீங்கன்னு. ஏழையும் எடுத்துக் குடுக்கற மனுசன் தனக்குன்னு ஒண்ணு வெச்சுக்கிட்டா என்னங்க தப்பு? அதான் நேத்து அங்க நிறுத்துனேன். அது உங்குளுதாச்சே."

உட்கார்ந்தேன். "அந்த எடத்துல ஒண்ணு இருக்குதுன்னே உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் வாசிக்கலையே."

அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். உத்திரியம்மாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"போன வருசம் நாங்க வந்த புதுசுல, பெரிய வெள்ளிக்கு வாசப்படி ஓரமா நின்னு கேட்டேனுங்க. நீங்க வாசிச்சது."

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மலையிலிருந்து இவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள். "ஒம்போது வயசுங்க. கீழ கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும்தான் வந்துச்சு. அங்க ஒரு கடையோரம் உக்காந்தேன். மடியிலயே போயிருச்சுங்க." அதற்குப் பிறகு அழுகையே வரவில்லையாம். எல்லாரும் கல்நெஞ்சுக்காரி என்றார்களாம். போன பெரிய வெள்ளியன்று நான் அந்த இடத்தை வாசித்தபோதுதான் அழுகை வந்ததாம்.

"ஒருக்காக் கேட்டதுதானுங்க, வரி வரியா மனசுல நின்னுருச்சு. ஒரு வருசமா அடுப்படியில அதத்தான் சொல்லீட்டிருக்காளுங்க" என்றான் அ. "எனக்கே பாடமாயிருச்சு. என்னைய வாசிக்கச் சொல்லி சாமியாரு சொன்னப்பவே சொல்லிட்டா. அந்த ஒரு எடம் மட்டும் அவரு வாயில வந்தாத்தான் எனக்கு அழுகை வரும்னு. உங்ககிட்ட எப்புடிக் கேக்கறதுன்னு இருந்தேன். நீங்களே வெச்சுக்கிட்டீங்க. நாங்க ரண்டு பேரும் எத்தன சந்தோசப்பட்டோம்னு உங்குளுக்குத் தெரியாதுங்க."

என் குரலில் போன வருஷம் இருமலைத் தவிர வேறொன்றும் இருந்ததாக எனக்குத் தெரியாது. இந்த வீட்டு அடுப்படியில் அது ஒரு வருஷம் குடியிருந்திருக்கிறது. நான் அந்தத் தடத்தில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் அதுக்காக வெச்சுக்கலீங்கம்மா" என்றேன். "கெட்ட எண்ணம்."

"இருக்குட்டுங்க" என்றாள். மறுக்கவுமில்லை, மன்னித்ததாகச் சொல்லவுமில்லை. "நேத்துக் கூட்டத்துல சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்காச் சொல்லுங்களேன். இங்க, ஊட்டுல."

புத்தகம் கோவிலில் இருந்தது. எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே என்று தொடங்கினேன். முதல் வரி வந்தது. இரண்டாம் வரி வந்தது. மூன்றாவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து போனேன். அதே இடத்தில் நின்றேன். அ. தலையைக் குனிந்துகொண்டான். உத்திரியம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, என் அப்பா எழுதிய சொல் மாறாமல், "தொட்டிலில் தூக்கியபோது நீ இத்தனை கனமில்லையே, மகனே" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வரியும் எனக்கு வரவில்லை. அதையும் அவளே சொன்னாள். நான் அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன்.